கலப்பும் கலப்படமும்

சென்ற தைத் திங்களில் பசுமலையில் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை எங்கள் குடும்பத்துப் பிள்ளை, கத்தோலிக்கன். பெண் வீட்டார் தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். பசுமலைக்கு அது இயல்புதான். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் இறையியல் பள்ளியைத் திருமங்கலத்திலிருந்து அங்கே கொண்டுவந்த காலந்தொட்டு, அவ்வூர் சீர்திருத்த சபையாரின் கல்விக்கும் அச்சுக்கும் பெயர் பெற்றது. மலையடிவாரத்துப் பழைய ஓட்டு வீடு. முற்றத்தில் பந்தல். செபம் முடிந்தது, மோதிரம் மாற்றினார்கள், பந்தியும் முடிந்தது. பெரியவர்கள் பத்துப்பேர் மட்டும் திண்ணையை அடுத்த கூடத்தில் அமர்ந்திருந்தோம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா பிரான்சு நாட்டில் பல்லாண்டுகளாக வாழ்பவர். அவர் ஒரு புட்டி சிவப்பு ஒயினைக் கொண்டுவந்திருந்தார். புட்டியின் தோளில் பாப்பரசரின் மணிமுடியும் பேதுருவின் திறவுகோல்களும் புடைப்பாக வார்க்கப்பட்டிருந்தன. அதைக் கண்டதும் எல்லோருக்கும் ஆர்வம். அவர் தக்கையைத் திருகி எடுத்தபடியே, “இது ஒரே திராட்சையில் செய்ததில்லை, நாலைந்து வகை சேர்ந்தது” என்று விளக்கத் தொடங்கினார்.

வயதில் மூத்த உறவினர் ஒருவர் குறுக்கிட்டார். “அப்படியா? கலப்புச் சரக்கா? அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டு வருகிறீர்களே மாப்பிள்ளை, சுத்தமானதாக ஒன்று கிடைக்கவில்லையா?” பிறகு உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டி, “ஆனாலும் பொருத்தந்தான். இன்றைக்கு எல்லாமே கலப்புத்தானே” என்றார்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்ற மணப்பெண் தலை தாழ்த்திக்கொண்டு உள்ளே திரும்பினாள். வெட்கத்தோடு எழுதுகிறேன்: சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் எந்தக் கலப்பைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். கத்தோலிக்கரும் பிற சபையில் திருமுழுக்குப் பெற்றவரும் மணந்துகொள்வதைக் கலப்புத் திருமணம் என்று நம் திருச்சபைச் சட்டம் குறிக்கிறது. 1124ஆம் விதி அதற்கு உரிய திருச்சபை அதிகாரியின் அனுமதியைக் கேட்கிறது. அந்த அனுமதி முறையாகப் பெறப்பட்டிருந்தது. பெரியவர் சொன்னது அதையன்று. அவர் சொன்னது சாதியை. அதற்கு எந்த விதியும் இல்லை. எந்த ஆயரின் அனுமதியும் தேவையில்லை. அன்று வாய்மூடிச் சிரித்ததற்குக் கழுவாயாக, அவருடைய இரு கேலிக்கும் இப்போது மறுமொழி சொல்ல விழைகிறேன். முதற்கேலி ஒயினைப் பற்றியது. அதிலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் ஒயினைப் பற்றி அவர் சொன்னதும் தவறு.

சொல்லில் தொடங்கும் பிழை

தமிழில் ‘கலப்பு’ என்றதும் ‘கலப்படம்’ என்று காதில் விழுகிறது. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, தேயிலையில் சாயத்தூள். இவை கலப்படம். ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றை விற்பது, மறைத்துச் செய்வது, வாங்குகிறவனை ஏய்ப்பது. கலப்பு என்பது வேறு. இன்ன இன்ன பொருள், இன்ன அளவில், இன்ன பயன் கருதிச் சேர்த்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்வது. முன்னது களவு, பின்னது கலை.

நம் வீடுகளில் இந்த வேறுபாடு தெரியாதவர் இல்லை. மதுரையில் காப்பித்தூள் கடைக்குப் போகிறவர், “பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி கொஞ்சம்” என்று தம் குடும்பத்துக் கணக்கை ஒப்பிக்கிறார். அந்த விகிதம் பிசகினால் அன்றைய காலை விடிவதில்லை. அவரை யாரும் ‘கலப்படக் காப்பி குடிப்பவர்’ என்று சொல்வதில்லை. பாலும் கடற்பாசியும் நன்னாரியும் பனிக்கூழும் சேர்ந்த ஜிகர்தண்டாவை ஊர்ப்பெருமையாகக் கொண்டாடுகிறோம். ஒட்டு மாம்பழத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். சாம்பார்ப்பொடிக்கு எத்தனை சாமான் என்று கணக்குப் பார்ப்பதில்லை. நாக்கு ஏற்றுக்கொண்டதை நெஞ்சு ஏன் மறுக்கிறது?

ஒருவகைத் திராட்சையில் உருவாகும் உயர்ந்த ஒயின்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. பர்கண்டிப் பகுதியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்கள் பினோ நுவார் என்னும் ஒரே திராட்சையில் ஆனவை; சிஸ்டர்சியன் துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் போற்றி வளர்த்த தோட்டங்கள் அங்கு உண்டு. மதுரை மல்லிகையைத் தனியே தொடுத்தால் அதற்கொரு மணம். மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் சேர்த்துக் கதம்பமாகத் தொடுத்தால் அதற்கொரு மணம். சரத்தைப் பாராட்டுவதற்காகக் கதம்பத்தைக் காலில் மிதிக்க வேண்டியதில்லை. கதம்பம் என்பது மல்லிகை கெட்டுப்போன நிலை என்று நினைப்பதே அறியாமை.

பாப்பரசரின் கோடைவீடு

அன்று திறந்த புட்டி ‘ஷாத்தோநேஃப் து பாப்’ என்னும் ஊரைச் சேர்ந்தது. ‘பாப்பரசரின் புதுக்கோட்டை’ என்பது அப்பெயரின் பொருள். பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து 1309இல் பிரான்சின் தெற்கேயுள்ள அவிஞோனில் தங்கலானார். 1377 வரை அந்நகரே பாப்பரசர்களின் இருப்பிடம். அவருக்குப்பின் வந்த இருபத்திரண்டாம் யோவான், அவிஞோனுக்கு வடக்கே ரோன் ஆற்றங்கரைக்கு அருகில் ஒரு மேட்டில் கோடைக்காலக் கோட்டையொன்றை எழுப்பினார். அதன் இடிபாடுகள் இன்றும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கின்றன. ஊர் தன் இன்றைய பெயரை முறையாக ஏற்றது 1893இல்.

அந்த மண்ணின் பெரும்பகுதியில் உள்ளங்கையளவு, சில இடங்களில் தேங்காயளவு, உருண்டைக் கூழாங்கற்கள் பரவிக்கிடக்கும். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அவை கொடிக்குச் சூடு கொடுக்கின்றன. வடக்கிலிருந்து ‘மிஸ்திரால்’ என்னும் கடுங்காற்று வீசி ஈரத்தை உலர்த்துகிறது. அதனால் பூஞ்சணம் குறைகிறது. இங்கே சிவப்பு ஒயினுக்கு அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகள் 13 என்பது பழைய கணக்கு. நிற வேறுபாடுகளைத் தனித்தனியே எண்ணி, 2009இல் அதை 18 என்று எழுதினார்கள். வியப்பு என்னவெனில் வெள்ளைத் திராட்சைகளும் இப்பட்டியலில் உண்டு. சிவப்பு ஒயினில் அவையும் சேரலாம்.

முதன்மையானது கிரெனாஷ். இனிப்பும் உடற்கட்டும் அது தருவது. ஆனால் நிறம் சற்று வெளுத்தது. காற்றுப் பட்டால் விரைவில் தளர்ந்துவிடும். பூக்கும் பருவத்தில் குளிரோ மழையோ தாக்கினால் பூ உதிர்ந்து விளைச்சல் குன்றும். அந்தக் குறையை நிரப்ப சிரா வருகிறது: கருஞ்சிவப்பு நிறமும் மிளகின் மணமும் அதன் கொடை. மூர்வேத்ர் நேரம் கழித்துப் பழுக்கும். துவர்ப்பும் முதுகெலும்பும் தரும். காற்றின் கேட்டை எதிர்த்து நிற்கும். சென்சோ மென்மை சேர்க்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறுத்து, தனித்தனியே நொதிக்க வைத்து, சில திங்கள் கழித்து ஒயின் செய்பவர் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைக்கிறார். அளவுக்குழாயில் இதில் இத்தனை, அதில் இத்தனை என்று சேர்த்து, சுவைத்து, துப்பி, மாற்றி, மறுபடி சுவைத்து, நாட்கணக்கில் பாடுபட்டு அந்த ஆண்டின் கலவையை முடிவு செய்கிறார். அடுத்த ஆண்டு மழை வேறு, வெயில் வேறு; ஆகவே கலவையும் வேறு. நிறைவுள்ளவர்கள் கூடி நடத்தும் விருந்தன்று இது. குறையுள்ளவை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. பன்னிரு திருத்தூதரைத் தேர்ந்துகொண்ட ஆண்டவரின் கணக்கும் இதுதானே?

இனி, உண்மையான கலப்படம் எது என்பதையும் அந்நாட்டு வரலாறே காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைலோக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. விளைச்சல் குறைந்ததும் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துப் பெருக்கிய போலி ஒயின் சந்தையை நிறைத்தது. விலை வீழ்ந்தது. 1907இல் தென்பிரான்சின் திராட்சை உழவர்கள் இலட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். நர்போன் நகரில் படையினர் சுட்டு உயிர்கள் பலியாயின. அதே ஆண்டு சர்க்கரையையும் நீரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பாப்பரசர் ஊரின் உழவர்களும், வேற்றூர் ஒயின்கள் தங்கள் பெயரைத் திருடி விற்கப்படுவதைக் கண்டு கொதித்தார்கள். சட்டம் பயின்ற பாரன் பியெர் லெ ருவா என்பவரின் தலைமையில் 1923இல் தாங்களே தங்களுக்கு விதி எழுதிக்கொண்டார்கள்: எந்த நிலம், எந்தத் திராட்சை, எந்த அளவுக்குக் குறையாத முதிர்ச்சி, அழுகிய பழத்தைக் கழிப்பது எப்படி என்றெல்லாம். 1936இல் பிரான்சு அரசு இடப்பெயர் உரிமையை முதன்முதலாக வழங்கிய சில ஊர்களில் இதுவும் ஒன்று.

இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கலப்படத்தை எதிர்த்து அத்தனை கடுமையாகப் போராடிய அதே மக்கள், பல வகைக் கலப்பைத் தங்கள் விதியிலேயே எழுதி வைத்தார்கள். இரண்டும் ஒன்றென்று நினைக்கும் மயக்கம் அவர்களுக்கு இல்லை.

‘சுத்தம்’ என்னும் கற்பனை

“இருக்கட்டும், ஒவ்வொரு திராட்சையாவது தன்னளவில் தூயதுதானே?” என்று பெரியவர் கேட்கக்கூடும். அதுவும் இல்லை. உலகம் முழுதும் பெயர்பெற்ற கபெர்னே சோவிஞோன் என்னும் கருந்திராட்சை, கபெர்னே ஃப்ரான் என்னும் கருந்திராட்சைக்கும் சோவிஞோன் பிளான் என்னும் வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது என்று கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் மரபணுச் சோதனையால் மெய்ப்பித்தார்கள். சிராவின் தாயும் தகப்பனும் இருவேறு வகைகள். அவற்றிலும் ஒன்று கருப்பு, ஒன்று வெளுப்பு. பைலோக்செராவுக்குப் பின் பிரான்சின் கொடிகளில் மிகப்பெரும்பாலானவை அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேரில் ஒட்டுக்கட்டப்பட்டவை. அந்நிய வேர் தாங்கியிராவிட்டால் ‘சுத்தமான’ பிரெஞ்சு ஒயின் என்று சொல்லிக்கொள்ள இன்று அநேகமாக ஒன்றும் எஞ்சியிராது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். தேனி மாவட்டம் பிரியும்வரை அது மதுரை மாவட்டந்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. பிற இடங்களில் ஆண்டுக்கொருமுறை அறுக்கும் திராட்சையை நம் உழவர் ஆண்டு முழுவதும் அறுக்கிறார்கள். ‘நம்ம ஊர்ப் பழம்’ என்று மார்தட்டுகிறோம், தவறில்லை. ஆனால் உலகம் ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்றழைக்கும் அந்தப் பன்னீரே இருவகைத் திராட்சைகளின் சேர்க்கையில் பிறந்த பிள்ளை. அலெக்சாந்திரியாவின் பெயர் தாங்கிய மஸ்கட் ஒரு பக்கம். ஐரோப்பியக் கருந்திராட்சை மறுபக்கம். கலப்பு மணத்தின் கனியைத்தான் பெரியவரும் பந்தியில் ஒரு கொத்து எடுத்து உண்டார். இனிக்கிறது என்றும் சொன்னார்.

சுவைத்தல் என்னும் பயிற்சி

பெரியவரின் பிழை எங்கே தொடங்கிற்று என்று எண்ணிப் பார்க்கிறேன். சுவைக்குமுன் தீர்ப்புச் சொன்னார். குவளை அவர் கைக்கு வரவேயில்லை; குலம் விசாரித்து முடித்துவிட்டார். சுவைத்தல் என்பது இதற்கு நேர்மாறான ஒழுக்கம்.

சித்தப்பா அன்று செய்ததைச் சொல்கிறேன். மதுரையின் வெப்பத்தில் ஒயின் வெந்துவிடும் என்று அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். சிவப்பு ஒயினை ‘அறையின் வெப்பநிலையில்’ பருக வேண்டும் என்னும் விதி, குளிர்ந்த கல்வீடுகளில் வாழ்ந்தோர் எழுதியது. 16 முதல் 18 பாகை வரை என்பதே அதன் பொருள்; நம் கூடத்தின் 34 பாகை அன்று. குவளையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாக வார்த்தார். 750 மில்லி புட்டி, பத்துப்பேர். தலைக்கு 75 மில்லி. வெள்ளைத் துணிக்கு எதிரே குவளையைச் சாய்த்து விளிம்பைப் பார்க்கச் சொன்னார். இளம் ஒயின் விளிம்பில் ஊதா காட்டும். முதிர்ந்தது செங்கல் நிறம் காட்டும். மெல்லச் சுழற்றி முகரச் சொன்னார். பிறகு ஒரு மிடறு. உடனே விழுங்காமல் நாவெங்கும் உருட்டி, சிறிது காற்றையும் உள்ளிழுத்து, விழுங்கியபின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று காத்திருக்கச் சொன்னார்.

இதற்கு அந்நிய மொழிப் பட்டியல் எதுவும் தேவையில்லை. சிவப்பு ஒயினின் உயிர்நாடி துவர்ப்பு. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவது. மேனாட்டார் எண்ணும் அடிப்படைச் சுவைகளில் துவர்ப்புக்கு இடமில்லை. நம் அறுசுவையில் உண்டு. நாவற்பழம், வாழைப்பூ, கடுக்காய், மாதுளந்தோல், கொட்டைப்பாக்கு என்று துவர்ப்பின் பல படிகளை நம் நாக்கு குழந்தைப்பருவத்திலேயே கற்றுவிடுகிறது. சிராவில் மிளகு மணக்கிறது என்றால் அது புலவர் கற்பனையன்று. மிளகுக்கு மணம் தரும் ‘ரொட்டண்டோன்’ என்னும் அதே பொருள் அத்திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். மிளகு விளைந்த நாட்டார் நாம். அதை முகர்ந்தறிய நமக்கு யார் கற்றுத்தர வேண்டும்?

இங்கே வேறொரு கூட்டத்தாரையும் கண்டிக்க வேண்டும். பெருநகர விடுதிகளில் குவளையின் காம்பைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டு, சீட்டின் பெயரையும் விலையையும் பார்த்தபின் ‘ஆகா’ என்பவர்கள். இவர்களும் சுவைக்குமுன் தீர்ப்புச் சொல்பவர்களே. பெரியவர் பிறப்பைப் பார்த்து இகழ்ந்தார். இவர்கள் பிறப்பைப் பார்த்துப் புகழ்கிறார்கள். இருவர் நாவும் வேலை செய்யவில்லை. சீட்டை மறைத்துவிட்டு ஊற்றினால் இருவரும் திகைப்பார்கள்.

கள்ளக்குறிச்சிக்குப் பின்னுமா?

“குடியால் அழிந்துகொண்டிருக்கும் மாநிலத்தில் ஒயினின் சுவையைப் பற்றி ஒரு கத்தோலிக்க இதழில் எழுதுவதா?” என்று கேட்கும் அன்னையர் இருப்பார்கள். அவர்களின் கேள்விக்கு முன் நான் தலைவணங்குகிறேன். 2003 முதல் அரசே சில்லறைக் கடை வைத்து மது விற்கும் மாநிலம் இது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மதுவில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. ஆகவே யாரையும் பருகுங்கள் என்று நான் அழைக்கவில்லை. குடிநோய்க்கு ஆளானவருக்கு ஒரு துளியும் ஆகாது. வயிற்றுக்காகச் சிறிது ஒயின் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதியதைக் கடைவாசலில் நின்று மேற்கோள் காட்டுவோர் வேதத்தை அவமதிக்கிறார்கள். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நொபிலி, மதுவும் மாமிசமும் நீத்து வாழ்ந்தார். பரங்கியர் என்றாலே குடியர் என்று மக்கள் எண்ணியிருந்த காலத்தில் அது வலுவான சான்று. விலக்கி வாழ்வோரின் அறம் பெரிது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். அந்தக் கடைகளில் ‘பிராந்தி’ என்று விற்கப்படுவது எது? பிராந்தி என்ற பெயருக்கு உரியது திராட்சை. நம் நாட்டு மலிவு வகைகளிலோ பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயம். நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, மணத்துக்குச் செயற்கைச் சாறு. நூற்றுக்கு 42.8 பங்கு எரிசாராயமுள்ள அந்த நீரை 180 மில்லிப் புட்டியில் வாங்கி, நின்றபடி, மூக்கைச் சுளித்து, ஒரே மூச்சில் இறக்குகிறான் நம் தொழிலாளி. சுவையை அவன் தேடவில்லை, சுவையிலிருந்து தப்பிக்கிறான். பெயரொன்று, பொருளொன்று. கலப்படம் என்று முகம் சுளிக்க வேண்டிய இடம் இதுவல்லவா? இதைப்பற்றி அன்றைய கூடத்தில் யாரும் பேசவில்லை. பசுமலையிலும் இக்கடை உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். கலப்படத்தைச் சகித்துக்கொண்டு கலப்பைப் பழிக்கிறோம்.

ஒயின் நமக்கு அந்நியம் என்பதும் முழுவுண்மையன்று. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் பருகி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் காண்கிறோம். அத்தகைய ஒயின்சாடிகளின் உடைந்த துண்டுகள் 1945இல் அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தன. பாண்டியர் கடற்கரையான அழகன்குளத்திலும் கிடைத்துள்ளன.

பீடத்தின்மேல் நடக்கும் கலப்பு

இனி, கத்தோலிக்கர்களான நம்மிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு திருப்பலியிலும் காணிக்கைப் பவனி முடிந்ததும் குரு என்ன செய்கிறார்? கிண்ணத்தில் இரசத்தை வார்த்து, அதில் சிறிது தண்ணீரைச் சேர்க்கிறார். மணியடிப்பதற்கு முன் நடக்கும் சிறு செயல். நம்மில் பலர் அப்போது காணிக்கைத் தட்டையும் சில்லறையையும் கவனித்துக்கொண்டிருப்போம்.

திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி இரண்டு கட்டளைகளை அருகருகே வைக்கிறது. இரசத்தோடு சிறிது தண்ணீர் கலக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. இரசம் திராட்சைக் கொடியின் கனியிலிருந்து இயல்பாக உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கலப்பு வேண்டும், கலப்படம் கூடாது. நான் இத்தனை பக்கம் வளைத்து வளைத்துச் சொல்வதை அந்த விதி இரண்டு வரியில் சொல்லிவிட்டது.

அந்தத் தண்ணீரின் பொருள் என்ன? 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேசின் ஆயராயிருந்து 258இல் மறைச்சாட்சியாக உயிர்நீத்த புனித சிப்ரியான், செசிலியு என்னும் உடன் ஆயருக்கு எழுதிய மடலில் இதை விளக்குகிறார். இரசம் கிறிஸ்து; தண்ணீர் மக்கள். இரசம் மட்டுமெனில் நாமில்லாத கிறிஸ்து. தண்ணீர் மட்டுமெனில் கிறிஸ்துவில்லாத நாம். கலந்தபின் இரண்டையும் பிரிக்க இயலாது என்பதே அவர் கருத்தின் சாரம். கிண்ணத்தில் விழுந்த அந்தத் துளிகளில் எது எவருடைய துளி? எது மேலத்தெரு, எது கீழத்தெரு? பிரித்துக்காட்ட எந்த வேதியியலால் ஆகும்?

ஆனால் நாம் பிரித்துக்காட்டினோம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தின் முன் இரு சாதியார் ஒருவரையொருவர் காணாதபடி இரு கூடங்களாக ஆலயம் கட்டி, நடுவே சுவரும் வைத்தோம். 1910இல் அச்சுவரை இடித்தபோது ‘எங்கள் உரிமை போயிற்று’ என்று நம்மவரே சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்காடினார்கள். பீடம் ஒன்று, கிண்ணம் ஒன்று, அதனுள் கலந்த நீரும் ஒன்று. சுவர் மட்டும் இரண்டாக்கிற்று. சாதிப் பாகுபாடு பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016 திசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டுக் கூறியது. அதன்பின்னும் நம் மணமகள் தேவை அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். ‘ஆர்.சி.’ என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் தவறாமல் நிற்கிறது. ஞாயிறுதோறும் கலந்த கிண்ணத்தை வணங்கிவிட்டு, திங்களன்று ‘சுத்தம்’ தேடுகிறோம். திருப்பலியில் நாம் கண்டது என்ன? கண்ணை மூடிக்கொண்டா வணங்கினோம்?

பந்தி மேற்பார்வையாளர்

கானாவூர்த் திருமணத்தை நாம் ஒவ்வொரு திருமண மறையுரையிலும் கேட்கிறோம். மரியாவைப் பற்றிப் பேசுகிறோம். கற்சாடிகளைப் பற்றிப் பேசுகிறோம். ஒருவரை மறந்துவிடுகிறோம்: பந்தி மேற்பார்வையாளர். நற்செய்தியில் ஒயினைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்பவர் அவர்தாம். யோவான் அவரைப்பற்றி ஒரு குறிப்பைத் தவறாமல் எழுதி வைத்திருக்கிறார்: அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. குடிசைக் கிணற்றுத் தண்ணீரா, கோயில் கிணற்றுத் தண்ணீரா, யார் கை பட்டது என்று அவர் கேட்கவுமில்லை. சுவைத்தார். நல்லது என்று கண்டார். மணமகனைக் கூப்பிட்டு எல்லோரும் அறியச் சொன்னார்.

மூலம் விசாரியாமல் சுவைப்பது. சுவைத்ததை ஒளிக்காமல் சொல்வது. இவ்விரண்டும் அன்று பசுமலைக் கூடத்தில் எங்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

ஒருவருக்கு வாய்த்தது. மணப்பெண்ணின் பாட்டி, எண்பதைக் கடந்தவர், மதுவென்றால் முகம் திருப்பும் சபையில் வளர்ந்தவர். எங்கள் சிரிப்பு ஓய்ந்தபின் அவர் மெல்ல நடந்து வந்து, “சம்பந்தி, எனக்கும் ஒரு சொட்டுக் காட்டுங்கள்” என்று சித்தப்பாவிடம் கேட்டார். குவளையை வாங்கி, உதட்டில் நனைத்து, சற்றுநேரம் கண்ணை மூடியிருந்தார். “நாவப்பழம் தின்ன மாதிரித் துவர்க்குது. அப்புறம் மிளகு. கடைசியிலே ஏதோ இனிக்குது. நல்லாத்தான் கலந்திருக்கான்” என்றார். பிறகு உள்ளே போய்த் தம் பேத்தியின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்து, எங்கள் நடுவே நாற்காலியில் உட்கார வைத்தார்.

பெரியவர் தம் குவளையைத் தொடவில்லை. திருமணம் பங்குனியில் நடந்தது, அவர் வரவில்லை. வராதவர்கள் இன்னும் சிலர். நம் பங்குகளில் இத்தகைய மணங்களுக்கு வராமல் வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடுகிற என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர்? அடுத்த ஞாயிறு குரு கிண்ணத்தில் தண்ணீரைச் சேர்க்கும்போது நாம் தலை நிமிர்ந்து பார்ப்போமாக. அந்தச் சில துளிகளை உற்றுப் பார்த்தபின்னும் ‘கலப்பு’ என்பது நம் வாயில் வசைச்சொல்லாக வருமானால், நாம் வணங்குவது எதை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.